சம்பளம் வாங்காத தசை

புறங்காலில், கணுக்காலுக்குச் சற்று முன்னால்
கட்டைவிரல் அகலத்தில் ஒரு சதைமேடு.
விரல்களைத் தூக்கிவிடுவது அதன் வேலையாம்.
இருபத்தொரு வருடம்
தார்த்து நகரத்தின் படிகளில் தபால் பையோடு ஏறியிருக்கிறேன்,
இப்படி ஒன்று கூடவே ஏறியது தெரியாது.

"இது படுத்தாலும் உங்கள் நடை கெடாது, விர்வெ.
அதனால்தான் இதைத் தேர்ந்தோம்"
என்றார் டாக்டர் ரைலி கங்குர்.
வராவிட்டாலும் யாரும் கவனிக்காதவர்கள்
எங்கள் அஞ்சல் நிலையத்திலும் இரண்டு பேர் உண்டு.
நினைத்துச் சிரிப்பதற்குள் ஊசி இறங்கிவிட்டது.

நஞ்சுதான். பெயரை மாற்றினாலும் நஞ்சு.
முன்பு கெட்டுப்போன தொத்திறைச்சியில் ஒளிந்திருந்து
வீட்டோடு சாய்த்தது.
இன்று கடைத்தெரு அழகு நிலையத்தில் நெற்றியை நீவுகிறது.
என் தங்கை லெய்தாவுக்கு
இடப்பக்கம் முறுக்கிக்கொள்ளும் கழுத்தை அவிழ்த்துவிடுகிறது;
மூன்று மாதத்துக்கு ஒருமுறை
அவள் முகம் எங்கள் பக்கம் திரும்பும்.

போன இலையுதிர்காலத்தில்
மருந்து தொண்டைக்குள் கசிந்தது.
பட்டாணி சூப் மூக்கு வழியே வந்தது.
ஐந்து வாரம்.
கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்,
கழுத்து மட்டும் அழகாய், நேராய்.

இந்த மாத்திரை நஞ்சை முறிக்காது.
நரம்பின் வாயை நஞ்சு பொத்தியிருக்கிறது,
பொத்தாத இடுக்கு வழியே
கொஞ்சம் உரக்கப் பேசவைக்கும், அவ்வளவுதான்.
நாலு மணி நேரத்துக்கு.
நான் உடனே கணக்குப் போட்டேன்:
ஒரு மதியச் சாப்பாடு, பிறகு ஒரு காப்பி.

இரண்டு வருகை. ஒன்றில் மருந்து, ஒன்றில் வெறும் மாவு.
எது எதுவென்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

முதல் நாள், வெளியே மைனஸ் பத்தொன்பது.
காலில் அதைவிடக் குளிர்ந்த பசை, கம்பிகள்.
முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு சொடுக்கு,
திரையில் ஓர் அலை.
ஊசிக்கு முன் குன்றாக இருந்தது,
இப்போது போர்வையில் ஒரு மடிப்பு.
அரை மணிக்கொரு சொடுக்கு.

மூன்றாவது சொடுக்கின்போது என் உதட்டில் எறும்பு ஊர்ந்தது.
பிறகு விரல் நுனிகளில்.
மாவு எறும்பைக் கூப்பிடாது.
"ஏதாவது தெரிகிறதா?"
"உதட்டில் எறும்பு."
அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்,
முகம் தபால் பெட்டியின் வாய்போல் மூடியிருந்தது.
மடிப்பு ஒரு நகக்கண் உயர்ந்ததா,
நான்தான் சாய்ந்து பார்த்தேனா?

இரண்டாம் முறை எறும்பு இல்லை.
ஆனால் மடிப்பு அன்றும் கொஞ்சம் உயர்ந்தது.
அதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

பதினாறு பேரின் பாதங்களுக்கும் விடை
இரும்பு அலமாரியில், ஓர் உறைக்குள்.
மார்ச்சில் பிரிப்பார்கள்.
எனக்கா உறையைப் பற்றிச் சொல்வது?
நீதிமன்ற அழைப்பு, ஆஸ்பத்திரி முடிவு,
விவாகரத்து கேட்கும் கனத்த காகிதம்,
எதையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்ததில்லை.
(ஒன்றை, ஒரே ஒருமுறை.
அது எனக்கும் அந்த விளக்குக்கும் இடையில்.)

பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்தேன்.
எமயோகி கெட்டியாகக் கிடந்தது,
மேலே யாரோ மீனுக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தார்.
போனில் லெய்தா:
"வேலை செய்ததா?"
"செய்தது என்கிறது உதடு.
கால் இன்னும் வாய் திறக்கவில்லை."

சிரித்தாள். சிரிப்பே அவளுக்குப் புரையேறியது;
போன வாரம்தான் அடுத்த ஊசி.
இருமல் அடங்கட்டும் என்று நின்றேன்,
பனியில் காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு,
காதிலிருந்து போனை எடுக்காமல்.